குவார்ட்டர்ஸ் மஞ்சள்

மந்தாரக்குப்பத்தில் விருத்தாசலம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே ஒரு புது வீட்டின் முன்சுவரில் பதித்த கல் டைல்ஸை ஒருவர் உளியால் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்றில்கூட விரிசல் இல்லை. பெயர்த்து முடித்த பாதிச் சுவரில் பூசி, மங்கலான மஞ்சள் அடித்தாகிவிட்டது.

வாசலில் நிற்கும் வீட்டுக்கார அம்மாவிடம், "நல்லாத்தானேம்மா இருக்கு, ஏன் எடுக்கறீங்க?" என்று கேட்கிறேன்.

"கடை கடையா ஏறி நான் எடுத்த கல்லுங்க. வூட்டுக்காரரு மைன்ஸ்ல ரிட்டையர் ஆனவரு. இப்ப எல்லாம் மறந்துபோச்சு. நெதம் சைக்கிள எடுத்துக்கினு நாங்க இருந்த பழைய குவார்ட்டர்ஸ் வாசல்ல போய் நிக்கிறாரு. அங்க வேற ஆளுங்க இருக்காங்க. அதான், அதே மஞ்சள அடிக்கச் சொன்னேன்."

கதவருகே பழைய குவார்ட்டர்ஸ் நம்பரையும் கறுப்பில் எழுதியிருக்கிறார்கள்.

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் வருகிறார். மஞ்சள் சுவரைத் தடவிப் பார்க்கிறார். நம்பரை விரலால் தொட்டு வாய்விட்டுப் படிக்கிறார். உளிச் சத்தம் நிற்கிறது. அந்த அம்மா அவர் முகத்தையே பார்க்கிறார்.

"நம்ம வூடு மாதிரியே இருக்குல்ல?" என்று அவர் சிரிக்கிறார். "சரி, இருட்டறதுக்குள்ள கெளம்பு. வூட்டுக்குப் போலாம்."

அந்த அம்மா செருப்பைத் தேடுகிறார்.