கூப்பிடும் வரை சுவரோரம்

பழைய பள்ளிக்கூடத்தை வீடாக்கிக் குடியிருக்கிற ரூபர்ட்டின் வீட்டுக்கு அவன் அம்மா வந்திருக்கிறாளாம், மருமகள் அவளைக் கோட்டைக்கூடக் கழற்றச் சொல்லாமல் சமையலறையிலேயே உட்கார வைத்திருக்கிறாளாம் என்று எங்கள் ஆங்கிலேயக் கிராமமான செட்ஜ்கோட்டில் ஒரு பேச்சு. எனக்குச் சொன்னது தபால் கடை பாலின். அவளுக்குச் சொன்னது முடி வெட்டுகிற பெண்.

"ஒரே ஒரு பிஸ்கட்தான் குடுக்கறாளாம். அந்தச் சமையலறை நம்ம ஊர் மண்டபத்தைவிடப் பெருசு, ஆனா பிஸ்கட் ஒண்ணு!" என்றாள் பாலின்.

அந்த வீடு என் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன். சமையலறையில் உட்கார்ந்திருந்தது ஈனிட் ஸ்க்ரிவன்ஸ். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், புருஷனை இழந்தவள். புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். மகன் கிளைவ் லீட்ஸில். சமீப காலமாக நினைவு தடுமாறுகிறது என்று ஊருக்கே தெரியும், அந்த வீட்டுக்காரர்களைத் தவிர.

மூன்று வாரமாகத் தினமும் காலையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ரூபர்ட்டின் மனைவி டாம்சின் அவளைப் புருஷனுக்கு வேண்டியவள் என்று நினைத்தாள். ரூபர்ட்டோ அவளை டாம்சினின் தேவாலயத் தோழி என்று நினைத்தான். இருவரும் தேநீர் கொடுத்தார்கள். "நீங்கள் யார்?" என்று கேட்பது அநாகரிகம் என்று இருவருமே கேட்கவில்லை. எத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்குப் பழகாத மரியாதை இது.

நான் சொல்லி விஷயம் தெரிந்ததும் டாம்சின் சிவந்துபோனாள். "பரவாயில்ல, வரட்டும். எங்களுக்குப் பிடிச்சுதான் இருக்கு," என்றாள். நல்ல மனசு.

அதற்குப் பிறகு நானும் அவ்வப்போது போய் உட்காருவேன். ஈனிட் கண்ணுக்கு அது சமையலறை இல்லை, சின்னப் பிள்ளைகளின் வகுப்பு. "அந்த மூலையில கரி அடுப்பு. பால் புட்டி உறைஞ்சு மூடியைத் தூக்கிட்டு நிக்கும், அதைச் சுத்தி அடுக்கி வைப்பாங்க. நீ எதிர்ல குடியிருக்கியே, அது எங்க விளையாட்டுத் திடல், கண்ணு. நான் ஓடிப் பந்தடிச்ச இடத்துல நீ குழம்பு வைக்கறே." சொல்லிவிட்டு உடம்பு குலுங்கச் சிரிப்பாள். அவள் பிறந்த பண்ணைக் குடில் இருந்த இடத்தில் இப்போது சாலை வட்டமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

சின்ன வயதில் ஈனிட், அம்மாவுக்குச் சுகமில்லாததால் கோழிகளைத் திறந்துவிட்டு, தம்பிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடிவர வேண்டும். தினமும் தாமதம். கார்பெட் மிஸ் வைத்த விதி ஒன்று உண்டு. தாமதமாக வந்தவர்கள் கதவைத் தட்டக் கூடாது, கூப்பிடும் வரை சுவரோரம் நிற்க வேண்டும்.

"பெரிய பனி விழுந்த வருஷம் மிஸ் என்னை மறந்தே போயிட்டாங்க," என்றாள் ஒருநாள். "சாப்பாட்டு மணி அடிச்சப்பதான் கதவு திறந்துச்சு. என்னைப் பாத்து அழுதுட்டாங்க, பாவம். அவங்க கோட்டைப் போத்தி அடுப்புகிட்ட உக்கார வெச்சு, அவங்க கோப்பையிலயே பால் குடுத்தாங்க. எப்பவும் திறக்கும், கண்ணு. கொஞ்சம் நிக்கணும், அவ்வளவுதான்."

பிப்ரவரியில் பள்ளிகளுக்கு அரைப்பருவ விடுமுறை வந்தது. ரூபர்ட்டும் டாம்சினும் பிள்ளைகளோடு பனிச்சறுக்குக்குப் போய்விட்டார்கள். ஈனிட்டிடம் சொன்னார்களா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன?

இன்று காலை ஆலங்கட்டியும் மழையுமாக அடித்துக்கொண்டிருந்தது. திரையை விலக்கினால் ஈனிட். பூட்டிய கதவுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு ஒட்ட நிற்கிறாள். குடை இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. எப்போதிலிருந்து நிற்கிறாளோ.

ஓடினேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஈனிட், உள்ளே யாரும் இல்ல. என் வீட்டுக்கு வாங்க, சூடா இருக்கு."

"உஷ். என்னையும் சேர்த்துத் திட்டு வாங்க வெச்சுடாதே."

கம்பளி கொண்டுவந்து போர்த்தினேன். நழுவ விட்டாள். தேநீரை நீட்டினால் தலையை ஆட்டினாள்: "நிக்கறப்ப குடிக்கக் கூடாது." கையைப் பிடித்து இழுத்தேன். அந்த மெலிந்த உடம்பு சுவரை விடவில்லை. அலறினாள். விட்டுவிட்டேன். ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, காத்திருங்கள் என்றார்கள். கிளைவ் கிளம்பிவிட்டான், ஆனால் லீட்ஸ் எங்கே, இது எங்கே! இரண்டு பக்கத்து வீடுகளைத் தட்டிப் பார்த்தேன். எல்லோரும் விடுமுறையில்.

என் வாசலிலிருந்து குரலை மாற்றி, "ஈனிட் ஸ்க்ரிவன்ஸ், உள்ளே வா!" என்று கத்தினேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெயர் அது. அவள் திரும்பவே இல்லை. பிறந்த வீட்டுப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை.

அந்தக் கதவு திறந்தால் போதும். உள்ளே புகுந்து திறக்கலாம் என்று ஒரு கல்லை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் எறிந்தேன். புது ஜன்னல், இரட்டைக் கண்ணாடி. கல் திரும்பி என் காலடியில் விழுந்தது.

"கல்லெறியறியா? மிஸ் காதைத் திருகிடுவாங்க," என்றாள் ஈனிட். வார்த்தை குழறியது. நடுக்கம் நின்றிருந்தது. நின்றது நல்லதில்லை என்று எங்கோ படித்த ஞாபகம்.

மாற்றுச் சாவியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ரூபர்ட்டைத்தான் கேட்க வேண்டும். அவன் கைபேசி அணைந்திருந்தது. டாம்சினுடையதும். முன்பு டாம்சின் எண்களை எழுதித் தந்த சீட்டில் இன்னொரு எண் இருந்தது. யோசிக்காமல் அதையும் அழுத்தினேன்.

மணி கதவுக்குப் பின்னால் அடித்தது. அது அந்த வீட்டுத் தொலைபேசி.

ஈனிட் நிமிர்ந்தாள். ஈரக் கையுறைகளை மெல்லக் கழற்றி, நகம் சுத்தமா என்று காட்டுகிற மாதிரி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

"மணி அடிக்குது, கண்ணு. இதோ கூப்பிடுவாங்க."

போனைக் காதிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது.