சின்ன டிரம் அரிசி

மாசி மாதம் முதல் வாரத்தில் என் மனைவி சிங்கப்பூர் போனாள். மகளுக்கு அங்கே பிரசவம். மூன்று மாதம் கூட இருந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருமகனுக்கு ஷிப்டு வேலை. அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்தவள் அதில் ஏறப் பயப்படவில்லை. என்னைத் தனியே விட்டுப் போகத்தான் பயந்தாள்.

“நீங்க ஒரு வாரம் தாங்க மாட்டீங்க. பட்டினி கெடக்கிறீங்கன்னு தெரிஞ்சுது, டிக்கெட்ட மாத்திக்கிட்டு வந்துருவேன்” என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருவிடைமருதூர்ப் பக்கத்தில் முப்பத்தெட்டு வருடமாக நெல் விளைவிக்கிறவன் நான். ஒரு மணியைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லுவேன். எனக்கா சோறாக்கத் தெரியாது?

தெரியாதுதான். அறுபது வயது வரைக்கும் நான் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அடுப்படி வாசலில் நின்றபடி கையை நீட்டுவேன். செம்பு கைக்கு வந்துவிடும்.

ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனாள். சின்ன டிரம் அரிசி ஒரு டம்ளர். உலை கொதித்ததும் களைந்து போட வேண்டும். அரை மணி நேரம் வேக வேண்டும். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து வடிக்க வேண்டும். கடைசி வரியில், கைத்துணி இல்லாமல் பானையைத் தொடாதீங்க என்று இருந்தது. அதை மட்டும் இரண்டு முறை எழுதியிருந்தாள்.

முதல் நாள் காலையில் உலை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஜன்னலில் என் வயல் தெரிந்தது. அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பச்சை கட்டியிருந்தது. அதன் மேல் பனி இன்னும் விலகவில்லை. வரப்பு ரோட்டில் ஏறுகிற இடத்தில் நிற்கும் புங்க மரம் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. இத்தனை வருடமாக அந்த வரப்பில் நடந்திருக்கிறேன். ஒரு நாளும் இந்த ஜன்னலை அங்கிருந்து கவனித்ததில்லை. நான் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் சோறு ஆவி பறக்க வரும். அது எப்படி வருகிறது என்று யோசித்ததும் இல்லை. நான் புங்க மரத்தடியில் திரும்பும்போதே இங்கே பானை வடிக்கச் சாய்ந்திருக்கிறது. கொதி வரும் வரைக்கும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆவி கண்ணாடியில் படிந்து மரத்தை மறைத்தபோதுதான் அரிசி ஞாபகம் வந்தது.

சின்ன டிரம் மூலையில் இருந்தது. திறந்தால், போன வருடத்து அரிசி. பக்கத்தில் பெரிய டிரம் நிறையத் தை அறுவடையின் புது அரிசி, ஆலையிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மூடியைத் தூக்கினாலே வாசனை ஆளைத் தூக்குகிறது. புதுசு இருக்கும்போது பழசை எவன் தின்பான் என்று பெரிய டிரம்மில் கையை விட்டேன்.

சோறு களியாகிவிட்டது. வடிக்கச் சாய்த்தால் கஞ்சியோடு அதுவும் இறங்கியது. மறுநாளும் அப்படியே. நோட்டை எழுத்துக்கூட்டிப் படித்தும் மூன்றாம் நாள் அதே கதிதான். தம்பி மனைவி வாசலில் நின்று, “சோறு குடுத்தனுப்பட்டுமா மாமா?” என்றாள். வேண்டாம் என்றேன். வாங்கியிருந்தால் தட்டு என் கைக்கு வருமுன் சேதி சிங்கப்பூர் போயிருக்கும். வாழைப்பழமும் டீயுமாக நாள் ஓடிற்று.

ஐந்தாம் நாள் மனைவி வீடியோவில் வந்தாள். “சாப்புட்டீங்களா? பானையக் காட்டுங்க.”

காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. “நான் வந்துரட்டுமா?” என்று மெல்லக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் கட்டிலில் சாய்ந்திருந்த மகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். நாள் நெருங்கிய வயிறு. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

“வேணாம். நீ சொன்னபடிதான் செஞ்சேன். ஏன் கொழையுதுன்னு மட்டும் சொல்லு.”

“எந்த டிரம்முல எடுத்தீங்க?”

“பெரிசுல.”

“புது அரிசி கொழையத்தாங்க செய்யும். அதுக்குத்தான ஒங்களுக்குச் சின்ன டிரம்மு.”

“எனக்குன்னா?”

அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள். மகள் விடவில்லை. “அப்பா, தையிலேருந்து ஆனி வரைக்கும் நம்ம வீட்டுல ரெண்டு பானைப்பா. ஒங்களுக்குப் பழைய அரிசி. எனக்கும் அம்மாவுக்கும் புதுசு. ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. கல்யாணமான முதல் தையில் நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனது மட்டும் தெரியும். “இது சோறா, போஸ்டர் ஒட்டுற பசையா?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் என் தட்டில் சோறு குழையவில்லை. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். டீக்கடையில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். நெல்லையெல்லாம் விற்றது போக வருடத்துக்கு ஒரு மூட்டைதான் பழசாக மிஞ்சும். அந்த ஒரு மூட்டையை முப்பத்துநான்கு வருடமாக நான் மட்டும் தின்றிருக்கிறேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. “நீ அங்கயே இரு. நான் கத்துக்குவேன்” என்று போனை வைத்தேன். பானையில் இருந்ததைத் தட்டில் போட்டு, மோர் ஊற்றி, வழித்துச் சாப்பிட்டேன்.

முதல் நாள் சின்ன டிரம்மை மூடினவன், அவள் திரும்பி வரும் நாள் வரைக்கும் அதைத் திறக்கவில்லை. புது அரிசிக்குக் கடிகாரம் உதவாது; அடுப்பை விட்டு நகரக் கூடாது. பத்து நிமிடத்திலிருந்தே பருக்கை பருக்கையாக எடுத்து நசுக்க வேண்டும். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். இதைப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. விரல் கொப்பளித்தது, கடுகு கருகியது, ரசம் ஒரு நாள்கூட ஒரே மாதிரி வரவில்லை. ஆனாலும் அந்த நேரம் எனக்குப் பிடித்துப்போனது. பதினோரு மணி வாக்கில் ஊரே அடங்கிக் கிடக்கும். எங்கோ ஒரு புறா முனகும். ஆவிக்கு அந்தப் பக்கம் உளுந்து பூத்தது, காய்த்தது, பிடுங்கி முடிந்து வயல் வெறுந்தரையாயிற்று. சில நாள் அந்த வரப்பில் நானே நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். கறுப்பாக, விறைப்பாக, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் வருவேன். இவனுக்கா இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து வடித்தாள் என்று இருக்கும்.

பேத்தி பிறந்தாள். மனைவி மூன்று மாதமும் முழுசாக இருந்துவிட்டு, வைகாசியில் திரும்பினாள். திருச்சியிலிருந்து வந்த கார் புங்க மரத்தடியில் திரும்புவதை ஜன்னலில் பார்த்தேன். பானையைச் சாய்த்தேன்.

அவள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் கை நின்றது.

“இது சின்ன டிரம் அரிசியில்ல?”

“ஆமா. ஒனக்குத்தான்.”

“அப்ப ஒங்களுக்கு?”

“எனக்கு அந்தப் பானை.”

எழுந்து போய் அந்தப் பானையைத் திறந்தாள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். இன்னொன்றையும் எடுத்து நசுக்கினாள்.

“நல்லாத்தான் வடிச்சிருக்கீங்க” என்றாள். பிறகு பழைய அரிசிச் சோற்றை அப்படியே அந்தப் பானையில் கொட்டிக் கிளறினாள்.

“இனிமே ஒரு பானை போதும்.”

காலியான பானையை நான் கழுவினேன்.