பின்கதவில் இரண்டு தட்டு

இதை எழுதுவதால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பேய் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். கல் உடைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவன் நான். வெயிலுக்கும் பசிக்கும் மேல் என்ன பயம் இருக்கிறது என்று சொல்லித் திரிந்தவன். ஆனால் போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.52 முதல் 8.05 வரை நடந்தது, நடந்ததுதான். மணி எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்டால், நான் ஷிஃப்ட் வேலைக்காரன். எதற்கும் மணி பார்க்கிற பழக்கம்.

என் பெயர் சிரஞ்சீவி. ஊர் சத்தியவேடு பக்கம். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வீட்டில் நானும் நைனாவும் மட்டும். நைனா என்றால் என் அப்பா, பெயர் கிருஷ்ணப்பா. குவாரியில் டிராக்டர் ஓட்டியவர். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு நாள் டிராக்டரை விட்டுவிட்டு வயல் கூலிக்குப் போனார். ஏன் என்று சொன்னதில்லை.

என் மனைவி பத்மினி இறந்து அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவள் இறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்று கோயில்களைப் பார்க்கப் போவதாகப் பேச்சு. நாகலாபுரம், நாராயணவனம், அப்பலாயகுண்டா, கடைசியாகப் புத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு மலையடிச் சிவன் கோயில். காலண்டரின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். பழைய கார் ஒன்று வாங்கியதே அதற்காகத்தான். நானோ ஓவர்டைமுக்குக் கிளம்பினேன்.

"இன்னிக்குமா?" என்றாள்.

பதில் சொல்லாமல் போய்விட்டேன். மதியம் 2.10க்கு மயங்கி விழுந்திருக்கிறாள். என் போன் லாக்கரில் இருந்தது. 3.30க்கு எடுத்தபோது பதினான்கு மிஸ்டு கால். ஆஸ்பத்திரியில் முகத்தை மூடியிருந்தார்கள்.

கோபத்தோடுதான் போனாளா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்க ஆள் இல்லை.

வருஷ திதிக்குள் அந்தக் கோயில்களைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். நைனா கூழைக் குடித்துக்கொண்டே பார்த்தார்.

"கோயில் கோயிலா சுத்துனா செத்தவ வந்துருவாளாடா?"

"நீயும் வாயேன் நைனா. வூட்டுல இன்னா பண்ணப் போற?"

"புத்தூர் பக்கம்லாம் நான் வர்ல. நீ போய்க்கினே இரு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல் ஏற்றுகிற டிராக்டரில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் எல்லோரும் ஏறியதும், கடைசியாக ஏறுகிறவன் பின்பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் போகலாம். ஒன்று என்றால் நிறுத்து. அந்த இரண்டு கேட்காமல் டிரைவர் கிளட்சை விட மாட்டான். வீடு வந்ததும் டிரைவர் "எறங்கு" என்பான். அவன் சொல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள். பள்ளிக்கூட லீவில் நானும் கல் ஏற்றியவன்தான். பத்மினியும் அந்தக் கூட்டத்துப் பெண்தான். காரில் முன்சீட்டில் உட்கார்ந்ததும் டேஷ்போர்டில் இரண்டு தட்டுத் தட்டுவாள். வளையல் சத்தத்தோடு. அவள் போன பிறகு நானே தட்டிக்கொண்டு வண்டியை எடுப்பேன்.

முதல் மூன்று கோயில்களையும் பார்த்தேன். நாகலாபுரத்தில் கூட்டம். நாராயணவனத்தில் ஒரு கல்யாணம். எல்லா இடத்திலும் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். அப்பலாயகுண்டாவில் பிரசாதம் கொடுத்தவர் "எத்தனை பேர்?" என்றார். ஒரு விரலைக் காட்டினேன்.

திரும்பும்போது வடமாலபேட்டை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் ஹரிபாபுவிடம் அந்தச் சிவன் கோயிலுக்கு வழி கேட்டேன்.

"கோயிலா? நாலு தூணு, ஒரு லிங்கம். அவ்ளோதான் கீது. அத்த பாக்கவா சத்தியவேட்டுலேர்ந்து வந்துகினு கீற?"

"எழுதி வெச்சிட்டா. பாக்கணும்."

"சரி போ. வண்டிய மட்டும் குவாரிப் பள்ளத்தாண்ட நிறுத்தாத. வழுக்கும்."

மண் ரோடு. இரண்டு கிலோமீட்டர். இடது பக்கம் மலை. வலது பக்கம் தண்ணீர் தேங்கிய பழைய குவாரி. கோயில் ஹரிபாபு சொன்னபடியேதான் இருந்தது. தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். எதிரே மலை சிவந்து, பிறகு கறுத்தது. அழகான இடம். பக்கத்தில் சொல்ல ஆள் இல்லாதபோது அழகு கொஞ்சம் தொந்தரவாக இருக்கிறது. கற்பூரம் ஏற்றிவிட்டுக் காருக்கு வந்தேன்.

5.52. சாவியைப் போட்டேன். அன்றைக்கு மட்டும் தட்ட மறந்துவிட்டேன்.

டக்... டக்.

பின்கதவில்.

கை சாவியிலேயே நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். யாரும் இல்லை. இறங்கிப் பார்த்தேன். சுற்றிலும் யாரும் இல்லை. ஆடு மாடுகூட இல்லை.

எனக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"பத்மினி?" என்றேன்.

வண்டியை எடுத்தேன்.

வளையல் சத்தம் கேட்கவில்லை. அவளைக் கை நிறைய வளையலோடுதான் அனுப்பி வைத்தோம். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. முன்சீட்டில் உட்காருகிறவள் ஏன் பின்னால் உட்கார்ந்தாள் என்றும் யோசிக்கவில்லை. கோபமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

6.15. புத்தூர் தாண்டி இருட்டிவிட்டது. ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழவில்லை. மேலே, புளியமரக் கிளையில் விழுந்தது. பின்னால் பாரம் ஏறினால்தான் முன்பக்கம் அப்படித் தூக்கும். வேகத்தடையில் வண்டியின் அடி உரசியது. நான் ஒருவன்தான் இருக்கிறேன். பின்சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும்.

பிறகு வாசனை. மல்லிகை இல்லை. மஞ்சள் இல்லை.

கல் பொடி. மழையில் நனைந்த கல் பொடி.

நான் பேசிக்கொண்டே வந்தேன். லாக்கர், போன், பதினான்கு கால், எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு மாதத்தில் நான் அவ்வளவு பேசியதில்லை. கடைசியில் கேட்டேன்.

"கோவத்துலதான் போனியா?"

யாரோ மூச்சை இழுத்து விட்டது போல் இருந்தது. கனமான மூச்சு. பெண்ணின் மூச்சு அல்ல.

6.58. பிச்சாட்டூர் தாண்டி ஒரு கிளை ரோடு. வேப்பமரம். உடைந்த பஸ் ஸ்டாப்.

டக்.

ஒரே ஒரு தட்டு.

கால் தானாக பிரேக்கை மிதித்தது. நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கிளை ரோட்டில் தூரத்தில் ஒரே ஒரு லைட். கதவு திறக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை... பார்க்க முடியவில்லை.

இரண்டு நிமிஷம்.

7.00.

டக்... டக்.

போனேன்.

7.48க்கு வீட்டு வாசல். எஞ்சினை அணைத்தேன். அடுத்து நான் செய்தது, டிராக்டரில் வளர்ந்தவன் மட்டும்தான் செய்வான். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"வூடு வந்துருச்சி. எறங்கு."

வண்டியின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது.

உள்ளே போனேன். நைனா கட்டிலில் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடா?"

"கார்ல யாரோ வந்தாங்க நைனா. பத்மினின்னு நெனைக்கிறேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து டார்ச்சோடு வெளியே வந்தார். வெளிச்சத்தைப் பின்கதவில் அடித்தார். மண் ரோட்டுத் தூசி படிந்த கதவு. அதில் ஒரு கை. பெரிய கை.

மூன்று விரல்.

நைனா டார்ச்சை அணைத்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். 

"எந்தக் கோயிலு?"

சொன்னேன்.

"கமலக்கண்ணன்டா அது. வெடியில ரெண்டு வெரலு போனவன். கடைசியா ஏறித் தட்டுறவன் அவன்தான்."

"எந்தக் கமலக்கண்ணன்?"

"நீ சின்னப் பையன். அந்தக் கோயிலாண்ட கீற குவாரிலதான். அன்னிக்கி மழ. அவசரம். தட்டு கேட்டா மாதிரி இருந்துச்சி... எடுத்துட்டேன். அவன் ஏறிகினு இருந்தான். சக்கரத்துல மாட்டிச் செத்துட்டான்."

வழியில் ஒரு தட்டு கேட்டதைச் சொன்னேன். வேப்பமரம், உடைந்த பஸ் ஸ்டாப்.

"அது அவன் ஊருக்குப் போற வழி," என்றார் நைனா. "அங்க எறங்கலியா?"

"இல்ல."

"பின்ன எங்க எறக்குன?"

"இங்கதான். வாசல்ல."

நைனா கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தாழ் போட்டிருந்தது.

8.05.

டக்...

டக்.

நைனாவின் இடது காலைப் பார்த்தேன். தரையை அழுத்திக்கொண்டிருந்தது, கிளட்சை மிதித்தது போல. இரண்டாவது தட்டு கேட்டதும் அந்தக் கால் மெல்ல மேலே வந்தது.

எழுந்து போய்த் தாழை நீக்கினார். நான் தடுக்கவில்லை. 

வெளியே யாரும் இல்லை. கார் மட்டும் நின்றது.

"வா கண்ணா," என்றார். கதவை அகலமாகத் திறந்து, ஓர் ஆள் போகிற அளவுக்கு ஒதுங்கி நின்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தட்டுச் சத்தம் இல்லை. கார் சரியாகத்தான் ஓடுகிறது. ஹெட்லைட் ரோட்டில் விழுகிறது. நைனா இப்போது கட்டிலின் ஓரமாகத் தள்ளிப் படுக்கிறார். விளக்கை அணைத்ததும் மெதுவாகப் பேசுவார். நடுநடுவே நிறுத்துவார், எதையோ கேட்கிறவர் மாதிரி. நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பேன். என் பக்கத்தில் யாரும் இல்லை.

போன மாதம் பத்மினியின் திதி முடிந்த மறுநாள். நைனாவுக்குச் சோறு போட்டேன். பாதி தின்றவர் நிமிராமலே சொன்னார்.

"அவ கோவத்துல போவலியாம்டா."

"யாரு சொன்னது?"

"கண்ணன் அவகிட்ட கேட்டுகினு வந்தான். நீ கார்ல அழுதியாமே."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

காரில் நான் கேட்டதை நைனாவிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.