ஹார்னுக்கு ஊற்றிய கங்கை

அம்மா காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பை நான்தான் திறந்தேன். உள்ளங்கையில் அடங்கும் சிறு செம்புச் சொம்பு. மூடியைச் சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கும். தன் உயிர் போகும்போது அந்தத் தண்ணீரைத்தான் வாயில் விட வேண்டும் என்று, அப்பா இறந்த நாளிலிருந்து என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நான் மோட்டார் சைக்கிள் பேட்டரியில் ஊற்றினேன்.

யுத்த காலம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் எனக்கு வேலை. சுற்றுப்பயணத்துக்காக, சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய வண்டியொன்றை வாங்கியிருந்தேன். அதன் பேட்டரியில் தண்ணீர் சதா வற்றியது. உள்ளிருக்கும் தட்டுகள் வெளியே தெரியும், ஹார்ன் இருமும். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் ஏற்றினேன். டைனமோவின் பிரஷ்ஷை மாற்றினேன். ஒயர்களைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். மீட்டர் முள் எப்போதும் சார்ஜ் பக்கம் நன்றாகவே சாய்ந்திருந்தது. கரண்ட் அதிகமாக வருவதே கோளாறாக இருக்கலாம் என்று பௌதிகம் படித்த எனக்குத் தோன்றவில்லை.

அந்த வண்டி ஓடுவதற்குப் பேட்டரியே வேண்டாம். எஞ்சினுக்குப் பொறி கொடுக்க மாக்னெட்டோ தனியாக இருந்தது. கடலோரத்தில் விளக்குக் கட்டுப்பாடு இருந்ததால் இருட்டிய பின் நான் வண்டியை எடுப்பதுமில்லை. ஆக, பேட்டரி ஹார்னுக்கு மட்டும்தான். சிதம்பரத்தில் கீழவீதியில் மாமனார் வீடு. தெருமுனையில் ஹார்ன் அடித்தால் வீடே வாசலுக்கு வரும். எனக்கு அது வேண்டியிருந்தது.

மச்சினியின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் பேட்டரி மறுபடி வற்றிப்போனது. காய்ச்சி வடித்த தண்ணீர் எந்த மருந்துக் கடையிலும் இல்லை. சித்திரை மாதம், மழையில்லை. எங்கள் கிணறோ உப்பு. அடுப்பில் கெட்டிலை ஏற்றி நானே ஆவியைப் பிடித்திருக்கலாம், பொறுமையில்லை. கங்கைத் தண்ணீர் கெடவே கெடாது என்று அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டேதான் செய்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மூடியின் ஈயத்தை இளக்கி, தண்ணீரைப் பேட்டரிக்கு விட்டு, சொம்பில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, பழையபடி பற்றவைத்தேன்.

மறுவாரம் அம்மா சொம்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏம்பா, ஈயம் புதுசா மின்னுது?"

"தேய்ச்சு வச்சேம்மா."

"நீ மறக்கமாட்ட, எனக்குத் தெரியும்," என்று என் தலையைத் தொட்டாள்.

அதற்குள் பேட்டரி திரும்பவும் வற்றத் தொடங்கியிருந்தது. கடலூருக்கு வந்த மச்சான், என் மனைவியின் தம்பி, வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நின்றான்.

"மாமா, இந்த சுவிட்ச ஏன் எப்பவும் முழு சார்ஜ்லயே வச்சிருக்கீங்க? பகல்ல வெளக்கு போடாம ஓட்டுனா சார்ஜ் ஜாஸ்தியாயி தண்ணி கொதிச்சுப் போவுது. பாதியில வைங்க."

"எனக்குத் தெரியாதாடா?"

"தெரிஞ்சா ஏன் வாராவாரம் தண்ணி காட்டுறீங்க? இது என்ன மாடா?"

ஒரு விரலால் சுவிட்சைத் திருப்பினான். அதன் பிறகு பேட்டரி அப்படி வற்றவில்லை.

ஐப்பசி அடைமழையில் அம்மா படுத்தாள். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் மச்சான் சொம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். நான் மூடியைத் திறக்காமல் சொம்பைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், "தெறக்க வரலியா? எங்க வூட்லயும் ஒண்ணு இருக்கு, பிரிச்சதுதான். எடுத்தாரட்டுமா?" என்று கேட்டாள்.

சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். இதை ஏன் திறக்கவில்லை என்று பிறகு யாராவது கேட்பார்களே என்றுதான் அப்போது யோசித்தேன்.

"வேண்டாம். அவுங்க கொண்டாந்ததே இருக்கு," என்றேன்.

மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தேன். மச்சான் எட்டிப் பார்த்தான். "எத்தினி வருசமாச்சு, தண்ணி அப்பிடியே இருக்கு பாருங்க மாமா."

ஒரு கரண்டி விட்டேன். அம்மா முகத்தைச் சுளித்தாள். பாதி கடைவாயில் வழிந்தது.

"கரிக்குது," என்றாள்.

"நாக்கு செத்துப்போச்சு, பாவம்," என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள்.

"ஆமாம்," என்று சொல்லி, நான் இன்னொரு கரண்டி விட்டேன்.