அட்டைப்படத்துப் புடவை

பழைய பட்டுப்புடவைகளை வாங்கி விற்பதும் அவற்றைப் பற்றி எழுதுவதும்தான் என் பிழைப்பு.

இன்று காலை தளவானூரிலிருந்து ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். "எங்கம்மா புடவையைக் குடுத்துடுறேன், வாம்மா."

என் புத்தகத்தின் அட்டையில் இருப்பது அவருடைய அம்மாவின் கல்யாணப் புடவை. படம் எடுக்க மட்டும் கொடுத்தார். விலைக்குக் கேட்டபோது அழுதுவிட்டார்.

செஞ்சியில் கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடினேன்.

அக்கா என் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். உள்ளே கறுத்துப்போன வெள்ளிக் கம்பிகள், கொஞ்சம் சாம்பல்.

"புடவை எங்கக்கா?"

"எரிச்சிட்டேன். இன்னாம்மா அப்படிப் பாக்குற? சரிகை அத்தனையும் அசல் வெள்ளின்னு நீதானே புஸ்தகத்துல எழுதியிருக்குற? பழைய பட்டு வாங்க வர்றவங்க எரிச்சி வெள்ளியைத்தானே எடுக்குறாங்க. உனக்கு எதுக்கு அந்தச் சிரமம்னு நானே செஞ்சிட்டேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "எரிக்கறப்ப மனசு கேக்கலம்மா. நீ அவ்ளோ ஆசையா கேட்டியேன்னுதான்."

என் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

புத்தகத்தை வாங்கிய மற்றவர்களே, உங்கள் வீட்டுப் புடவை இன்னும் புடவையாகத்தான் இருக்கிறதா? கமெண்டில் சொல்லுங்கள்.