பனிமூட்டத்தில் நான் கட்டிப்பிடித்த முதுகு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்பா சர்ச்சில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையாக இருந்தவர், கல்லறைத் தோட்டத்தை ஒட்டித்தான் எங்கள் வீடு, சின்ன வயதில் கல்லறை மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். அப்புறம் கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை. பகல் முழுக்க கல்லீரல், நுரையீரல் என்று அடித்துக்கொண்டிருப்பவளுக்கு ஆவியில் எங்கே நம்பிக்கை வரும். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

என் வீட்டுக்காரரின் இதய ரிப்போர்ட்டை அடித்தவளே நான்தான். அப்போது அவர் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சிறு வயதிலிருந்தே இதயத்தில் ஒரு வால்வு பழுது, ஆனால் பேர் ஆரோக்கியராஜ். ரிப்போர்ட்டை வாங்கும்போது, "பேர சரியா அடிச்சிட்டீங்களா? டாக்டரு படிச்சிட்டுக் கொஞ்சமாவது சிரிக்கணும்" என்றார். அங்கே விழுந்தவள்தான் நான்.

இரண்டு வருடம் அப்படி ஒரு பித்து. சனிக்கிழமையானால் கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ், அங்கிருந்து அவருடைய பழைய பைக்கில் மலைக்கு. போகிற வழியெல்லாம் அவர் முதுகில் காதை வைத்துக்கொண்டே போவேன். அந்தப் பழுதான வால்வு உள்ளே புஸ் புஸ்ஸென்று சத்தம் போடும், அதைக் கேட்டுக்கொண்டு போவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அப்புறம் டாக்டர், ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், செய்தாலும் எத்தனை வருடம் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். விஷயம் அம்மாவுக்குத் தெரிந்துபோனது. "கட்டிக்கினு எத்தினி நாளு வாழப்போற?" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்டாள். அம்மா மேல் கோபப்பட முடியவில்லை, உள்ளுக்குள் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிடத் தீர்மானித்து ஒரு நவம்பர் சனிக்கிழமை புறப்பட்டேன். போனில் சொல்ல மனசு வரவில்லை, மேலே போய் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று வழக்கம்போல வண்டியில் ஏறினேன்.

அந்த மலை ரோட்டில் ஒரு வளைவு ரொம்பச் செங்குத்து. பழைய வண்டி இரண்டு பேரை இழுக்காது. பின்னால் இருப்பவர் இறங்கிக் குறுக்குப் பாதையில் ஏறுவார், ஓட்டுகிறவர் சுற்றி வந்து மேலே நிற்பார், மலைக்குப் போகிற எல்லாரும் செய்வதுதான். எங்கள் வண்டியில் இன்னொரு தொல்லை, இன்ஜினை அணைத்தால் திரும்ப உயிர் வராது. அதனால் அவர் அணைக்காமல் ஹெல்மெட்டோடு முன்னால் பார்த்தபடியே நிற்பார், நான் ஏறி உட்கார்ந்து தோளில் இரண்டு தட்டு தட்டினால் எடுப்பார். முகம் பார்த்து ஏறுகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது.

அன்றைக்கு மணி நாலுகூட ஆகவில்லை, ஆனால் பனி இறங்கிப் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. 'நம்ம இத்தோட நிறுத்திக்கலாம்' என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே குறுக்குப் பாதையில் ஏறினேன். மேலே ரோட்டில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஏறினேன், தட்டினேன், கிளம்பியது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் குளிர் உறைத்தது. பனிக்குளிர் இல்லை, அவர் சட்டைக்குள்ளிருந்து வருகிற குளிர். பழக்கதோஷத்தில் முதுகில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அழுத்தி வைத்துப் பார்த்தேன். வண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது, உள்ளே ஒன்றுமே இல்லை.

நம்பினால் நம்புங்கள், அது வேறு யாரோ இல்லை. பிடரியில் அவருடைய மச்சம் இருந்தது, அவருடைய தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. அவரேதான், ஆனால் உயிர் இல்லாத அவர். என் பல்லெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டன, 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் பாதியில் மறந்துபோனது. வண்டி மெதுவாகத்தான் போனது, குதித்திருக்கலாம். குதிக்கத்தான் காலை எடுத்தேன். அப்போது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. கடைசியில் இந்த ஜில்லென்ற முதுகுதான் மிஞ்சும் என்றால், சூடாக இருக்கிற முதுகை இன்றைக்கே ஏன் விட்டுவிட்டுப் போகிறேன்? நடுங்கிக்கொண்டே இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "நான் எறங்க மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

திறந்தபோது ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். வண்டியைக் காணோம். கைகள் இரண்டும் என்னையே கட்டிக்கொண்டிருந்தன.

எதிரே, வளைவில் இருந்த தடுப்புச் சுவரின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். பைக் அணைந்து கிடந்தது, அந்தக் குளிரிலும் அவருக்குச் சட்டை நனைய வியர்வை. நான் ஏறிய இடத்திலிருந்து அது இரண்டு வளைவு தள்ளி.

"நடந்தா வந்த?" என்றார்.

"ஆமா."

ஏன் இவ்வளவு தூரம் தள்ளி வந்து நின்றார் என்று நானும் கேட்கவில்லை. ஓடிப்போய் அவர் நெஞ்சில் காதை வைத்தேன். புஸ் புஸ்ஸென்று அடித்தது. "ஜனவரில கல்யாணம் வச்சிக்கலாம்" என்றேன்.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது செயற்கை வால்வு கடிகாரம்போல டிக் டிக்கென்று ஓடுகிறது. அது கேட்டால்தான் எனக்குத் தூக்கம். போன மாதம் பஸ்ஸில் மலைக்குப் போனோம். அந்த வளைவு வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார். வீட்டுக்கு வந்து, இத்தனை வருடம் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அன்னிக்கி என் வண்டியிலயும் ஒருத்தி ஏறுனா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தோள்ல ரெண்டு தட்டு வுழுந்துச்சி, நீதான்னு எடுத்துட்டேன். வவுத்தச் சுத்திக் கையப் போட்டா. ஐஸ் மாதிரி இருந்துச்சி. குனிஞ்சி பாத்தா ஒன் கைதான், ஆனா மோதிரம் போட்டிருந்துச்சி. அப்ப ஒனக்கு ஏது மோதிரம்?"

"இன்னா பண்ணீங்க? தள்ளி வுட்டீங்களா?"

"இல்லமே. பயத்துல உசுரே போயிட்ச்சி, ஆனா அது ஒன் கையாச்சே. மேல என் கைய வச்சிக்கினேன். அந்த வளைவு வரைக்கும் ஒத்தக் கையிலதான் ஓட்டிக்கினு வந்தேன், அங்க வந்து திரும்பிப் பாத்தா யாருமில்ல." என் விரலில் இருந்த மோதிரத்தைத் தொட்டார். "கல்யாண மோதிரம் வாங்கப் போனப்ப, கடைக்காரரு தட்டுத் தட்டா எடுத்து வச்சாரு. நான் ஒன்னத்தப் பாத்து டக்குனு எடுத்தேன் இல்ல, அதுதான் அந்தக் கையில இருந்த மோதிரம்."

"ஏன் எங்கிட்ட இத்தினி நாளு சொல்லல?"

"அந்த வெரல்ல அது லூசா இருந்துச்சி ஸ்டெல்லா. ரொம்ப எளைச்ச வெரலு."

ஒன்பது வருடமாக முந்திப் போகப்போகிறவர் அவர் என்றே நினைத்து வாழ்ந்திருக்கிறேன். நான் முந்திப் போகலாம் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் மோதிரத்தைச் சுற்றிப் பார்க்கிறேன். இத்தனை நாள் சோப்பு போட்டால்தான் அசையும், போன வாரத்திலிருந்து சும்மாவே சுற்றுகிறது. குளிர்காலத்தில் விரல் சுருங்கும் என்கிறார் அவர். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்கிறார், சொல்லி முடித்த பிறகும் விடுவதில்லை.