பச்சைப் புள்ளி எரிந்த பெயர்

“உறுதிமொழி எப்ப அனுப்புவீங்க, ராத்தா?” என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கம்பனியின் செய்திப் பக்கத்தில் நஸீரா ராத்தாவின் பெயரருகே பச்சைப் புள்ளி எரிந்தது. ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அந்நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அவர் வபாத்தாகிவிட்டார் என்று மரண அறிவித்தல் சொன்னது. வாய் இன்னாலில்லாஹி ஓதியது. கண் புள்ளியை விட்டு நகரவில்லை. சொந்தக்காரர்களுக்கு அறிவிக்க மகள் ஷிபானாதான் அவருடைய போனைத் திறந்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முந்தல் இறால் பண்ணைக் கம்பனியில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தகவல் பாதுகாப்பு அவர் பொறுப்பு. எனக்கு அக்கா போல, அதனால் ராத்தா. சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் தானாகப் படித்து, வீட்டிலிருந்தே செய்யும் அரைநாள் வேலைக்கு அவரிடம் சேர்ந்தவள் நான். கம்பனிக் கணினிகளுக்குள் யார் நுழையலாம் என்று பார்ப்பதும், விலகிப் போனவர்களின் வழியை அடைப்பதும் என் பணி.

ஒருமுறை மனேஜர் புத்தளத்திலிருந்து ராத்தாவுக்குப் போன் எடுத்து, மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றித் தரச் சொன்னார்.

“குரல் உங்கட குரல்தான் சேர். கேக்கிறது நீங்கதானா என்டு எனக்குத் தெரியாதே.”

“நேத்து உங்கட வீட்டு வட்டிலப்பம் திண்ட ஆள்தான் நான், நஸீரா!”

“அப்ப வாங்க சேர். மிச்சம் இரிக்கி.”

மனேஜர் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறி வந்தார். ராத்தா முகத்தைப் பார்த்துக் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தார். வட்டிலப்பமும் கொடுத்தார்.

பிறகு நான் தகவல் பாதுகாப்புச் சான்றிதழுக்கான பரீட்சையில் தேறினேன். அது இருந்தால் கம்பனி என்னை நிரந்தரமாக்கும். ஆனால் தேறினால் மட்டும் போதாது. போதிய வருட வேலை அனுபவம் வேண்டும். அது உண்மைதான் என்று, ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவர் தம் கணக்கில் நுழைந்து உறுதி சொல்ல வேண்டும். அதற்குக் கடைசி நாள் குறித்த தவணையும் உண்டு. எனக்குத் தெரிந்தவர்களில் அப்படி இருந்தவர் ராத்தா ஒருவர்தான்.

என் அனுபவத்தைப் பற்றி நான் எழுதியதை வரிவரியாக வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும், “நான் கண்டதா, கேள்விப்பட்டதா?” என்று கேட்டார். கணவரின் கடைக் கணினியைப் பார்த்துக்கொண்ட காலத்தையும் சேர்த்திருந்தேன்.

“இது தகவலைப் பாதுகாத்த வேலை இல்ல புள்ள, மனுசனைப் பாதுகாத்த வேலை” என்று சிரித்துக்கொண்டே அதை வெட்டினார். மிஞ்சியதே போதுமானதாக இருந்தது. “ஓம், இதுக்கு நான் சாட்சி. வாக்கு” என்றார். அந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஜனாஸாவைத் தூக்குமுன் அவருடைய தம்பி வாசலில் நின்று, மையித்தால், அதாவது இறந்தவரால், யாருக்கும் ஏதும் பாக்கி இருந்தால் தாம் பொறுப்பு என்று வழமைப்படி அறிவித்தார். ஷிபானா அதை உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். சில நாட்களில் உம்மாவின் போனோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“சாச்சி, உங்களுக்கு ஒரு வாக்கு பாக்கி என்டு உம்மா ஆஸ்பத்திரியில சொன்னாங்க. இந்தா, அவங்கட சான்றிதழ்க் கணக்கு திறந்துதான் இரிக்கி. நான் அமத்தவா, நீங்க அமத்திறீங்களா?”

திரையில் என் பெயரும், அதன் கீழே அவர் பெயரும், அமத்த வேண்டிய ஒரே ஒரு பொத்தானும் இருந்தன. எழுதியிருந்ததில் ஒன்றும் பொய் இல்லை. ஒவ்வொரு வரியும் அவர் வாசித்து ஒத்துக்கொண்டது. தவணையும் நெருங்கியிருந்தது. என் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. ‘கேக்கிறது நீங்கதானா?’ என்று ராத்தாவின் குரல் கேட்டது.

“பேர் உம்மாடதான், மகள். அமத்திறது உம்மா இல்லையே.”

“அப்ப உம்மாட வாக்கு? கப்றுக் குழியில அவங்களுக்குப் பாரமா இரிக்குமே, சாச்சி!”

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்த வாக்கை நான் உம்மாக்கு ஹலாலாக்கிட்டன் மகள். அல்லாஹ் சாட்சி. இனி அவங்க எனக்கு ஒண்டும் தர வேணாம்.”

ஷிபானா என் தோளில் சாய்ந்து அழுதாள். போன் வெளிச்சம் தானாக மங்கி அணைந்தது.

உறுதி சொல்ல ஆள் இல்லாதவர்களின் அனுபவத்தைச் சான்றிதழ் நிறுவனமே விசாரிக்கும் வழி ஒன்று உண்டு. சுணங்கும். எல்லாவற்றையும் அதற்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன்.

என் பணியில் ஒன்று பாக்கியிருந்தது. பிஸ்மி சொல்லி, கம்பனிக் கணினியில் ராத்தாவின் வழியை நானே அடைத்தேன். பச்சைப் புள்ளி அணைந்தது.

ஆனாலும் ஏதாவது எழுத உட்காரும்போதெல்லாம் கண் அந்த இடத்துக்குப் போகிறது. அங்கே இப்போது பெயர்கூட இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது. கண்டதா, கேள்விப்பட்டதா? யா அல்லாஹ், சாட்சிக்கு அத்தனை அஞ்சிய அந்த நாவுக்குச் சுவனத்தைக் கொடு. அவர் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். “கண்டது, ராத்தா” என்று சொல்ல முடிந்ததை மட்டும் எழுதுகிறேன்.